தண்ணீர் பில்லில் மழைக்கும் ஒரு வரி

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து ஷார்லட் நகரத்தில் புது வீடு வாங்கிக் குடியேறிய தம்பி ஒருவர், முதல் மாதத் தண்ணீர் பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். குடிநீருக்கு ஒரு தொகை. கழிவுநீருக்கு ஒரு தொகை. மூன்றாவதாக ‘ஸ்டார்ம் வாட்டர்’ என்று ஒரு வரி, அதற்கு நேரே இன்னொரு தொகை. “அண்ணா, குழாய்த் தண்ணிக்குக் காசு, சரி. சாக்கடைக்குக் காசு, அதுவும் சரி. வானத்திலிருந்து விழுற மழைக்குமா காசு?” என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். சுருக்கமாகச் சொன்னால், அது மழைக்கான காசு அல்ல. மழைத்தண்ணீர் உங்கள் கூரையிலும் கார் நிறுத்தும் தளத்திலும் விழுந்து, மண்ணில் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடிவருகிறதே, அதைப் பிறர் வீட்டுக்குள் புகாமல் கொண்டுபோய் ஓடையில் சேர்க்கும் வேலைக்கான காசு. ஆனால் தம்பியின் பில்லில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தத் தொகை அல்ல. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு மாநகரமும் ஒரு கவுன்ட்டியும் ஆறு சிறு நகரங்களும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட ஏற்பாடு இருக்கிறது. (கவுன்ட்டி என்பதை நம் மாவட்டத்துக்கு ஓரளவு ஒப்பானதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவையும் சொந்த வருவாயும் உண்டு.) அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் கட்டணமும் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் தண்ணீரின் கணக்கு

ஓர் அங்குல மழை பெய்கிறது என்று வையுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 2,360 லிட்டர். சாதாரண அமெரிக்கப் புறநகர் வீட்டில் கூரை, டிரைவ்வே (தெருவிலிருந்து கார் வீட்டுக்கு வரும் தளம்), பின்கட்டுச் சிமென்ட் தரை எல்லாம் சேர்த்து 2,500 சதுர அடி இருந்தால், அந்த ஒரு மழைக்கே கிட்டத்தட்ட 5,900 லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பாதி. ஷார்லட்டில் ஆண்டுக்குச் சுமார் 43 அங்குல மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு வீட்டின் சிமென்டும் கூரையும் மட்டுமே வருடத்துக்கு இரண்டரை லட்சம் லிட்டரைத் தெருவுக்குத் தள்ளுகின்றன.

அதே இடத்தில் மரமும் புல்லும் இருந்திருந்தால் அதில் பெரும்பங்கை இலை பிடித்துக்கொள்ளும், வேர் உறிஞ்சும், மீதி மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கட்டடம் வந்த பிறகு தண்ணீர் அதிகமாகவும் வருகிறது, வேகமாகவும் வருகிறது. ஓடையைக் கெடுப்பதில் அந்த வேகத்துக்கே பெரிய பங்கு. கரையை அரிக்கிறது, மண்ணை அடித்துக்கொண்டு போகிறது. சாலையில் சிந்திய எண்ணெய், புல்வெளிக்குப் போட்ட உரம், நாய்க் கழிவு எல்லாம் கூடவே போகின்றன. ஷார்லட் போன்ற ஊர்களில் மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெருவோரக் கம்பி வலைக்குள் விழும் மழைத்தண்ணீர் நேராக ஓடைக்குத்தான் போகிறது, நடுவில் யாரும் சுத்தம் செய்வதில்லை. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஆக, தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேலையை அந்த மனை ஊருக்கு வைக்கிறது. இதுதான் கட்டணத்துக்கு அடிப்படை.

ஏன் சொத்து வரியிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாது?

நீண்ட காலம் அப்படித்தான் நடந்தது. சாலைச் செலவோடு ஒரு மூலையில் வடிகாலுக்கும் கொஞ்சம் ஒதுக்குவார்கள். வெள்ளம் வந்த வருடம் கொஞ்சம் கூடும், வராத வருடம் அந்தப் பணம் வேறு எதற்காவது போய்விடும். தரைக்கடியில் இருக்கும் குழாய் கண்ணில் படாது, அதனால் அதற்காகக் குரல் கொடுக்கவும் ஆள் இருக்காது.

சொத்து வரியில் இன்னொரு கோளாறு உண்டு. அது சொத்தின் மதிப்பைப் பார்க்கிறது, தண்ணீரைப் பார்ப்பதில்லை. நகர நடுவில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று கோடிக்கணக்கில் மதிப்புப் பெறும். ஆனால் அதன் கூரை சிறியது, தெருவுக்குத் தள்ளும் தண்ணீரும் குறைவு. ஊர் எல்லையில் ஒரு பெரிய தேவாலயம், பல ஏக்கர் கார் நிறுத்தும் தளத்தோடு இருக்கும். சொத்து வரியிலிருந்து அதற்கு விலக்கு. அதனால் வடிகாலுக்கு ஒரு சென்ட்கூட வராது, தண்ணீர் மட்டும் வெள்ளமாக வரும். பல்கலைக்கழகம், அரசு அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதே கதை.

சரி, குடிநீர் எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அந்த அளவில் வாங்கலாமே? அதுவும் பொருந்தாது. துணி வெளுக்கும் சிறு கடை நாள் முழுக்கத் தண்ணீரைச் செலவழிக்கும், ஆனால் அதன் கூரை கையளவு. பக்கத்தில் குழாய் இணைப்பே இல்லாத, காசு வாங்கும் கார் நிறுத்துமிடம் மழை நாளில் ஓர் ஏரியையே இறக்கிவிடும்.

அதனால்தான் நீர் இறங்காத பரப்பை அளந்து கட்டணம் போடும் முறை வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974இல் மழைநீருக்கென்றே ஒரு தனிப் பணியமைப்பை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் இந்த வழியில் முதலில் இறங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. பிறகு மத்திய அரசின் தூய நீர்ச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டு, நகர மழைநீரும் அனுமதி வாங்க வேண்டிய கழிவாக ஆயிற்று. 1990இல் பெரிய நகரங்களுக்கு விதிகள் வந்தன, 1999இல் சிறு ஊர்களுக்கும் வந்தன. ஓடையில் என்ன கலக்கிறது என்று பார், யார் கழிவை வடிகாலில் ஊற்றுகிறார்கள் என்று பிடி, கட்டுமான இடத்து மண் வழிந்தோடாமல் தடு என்று வேலைகள் கூடின. கூடவே மத்திய அரசின் பணம் வந்ததா என்றால், வந்தது போதவில்லை. செலவை ஊர்களே தேட வேண்டியதாயிற்று.

எப்படி அளக்கிறார்கள்

விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் மனை எல்லைகளைப் போட்டு, கூரை, தார், சிமென்ட் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து கூட்டுகிறார்கள். ஊரில் ஒரு நடுத்தர வீட்டில் இப்படிப்பட்ட பரப்பு எவ்வளவு என்று பார்த்து அதை ஓர் அலகாக வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் அந்த அலகு 2,500 சதுர அடி. தலைநகர் வாஷிங்டனில் 1,000 சதுர அடி. வீடுகளை ஒவ்வொன்றாகத் துல்லியமாகக் கணக்கிடுவது பெரும் வேலை என்பதால் படிநிலைகளாகப் பிரிப்பார்கள். ஷார்லட்டில் நான்கு படி: 2,000 சதுர அடிக்குக் கீழ், 2,000 முதல் 2,999 வரை, 3,000 முதல் 4,999 வரை, 5,000க்கு மேல். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் படி கிடையாது, அளந்த பரப்புக்கு ஏற்ற தொகை.

புரிவதற்காக நானே ஒரு விலையைப் போட்டுக் காட்டுகிறேன். அலகு 2,500 சதுர அடி, மாதம் 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வீட்டுக்கு 6 டாலர். தாரும் கூரையுமாகப் பத்து ஏக்கர் மூடிக்கிடக்கும் ஒரு மால், அதாவது 4,35,600 சதுர அடி, 174 அலகு. மாதம் 1,044 டாலர். ஓர் அங்குல மழைக்கு அந்த மாலிலிருந்து இறங்கும் தண்ணீர் சுமார் பத்து லட்சம் லிட்டர், எண்பத்தைந்து தண்ணி லாரிக்கும் மேலே. அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1,044 டாலர் அநியாயமாகத் தெரியாது. மால்காரர் தன் இடத்திலேயே ஒரு குட்டை வெட்டி, தண்ணீரைத் தேக்கி மெதுவாக விட்டால் கட்டணத்தில் தள்ளுபடி கேட்கலாம். ஷார்லட் உள்பட பல ஊர்களில் அப்படித் தள்ளுபடி உண்டு.

ஓடைக்கு ஊர் எல்லை தெரியாது

இப்போது கூட்டு ஏற்பாட்டுக்கு வருவோம்.

மெக்லென்பர்க் கவுன்ட்டிக்குள் ஷார்லட் மாநகரம் இருக்கிறது. அதோடு கொர்னீலியஸ், டேவிட்சன், ஹன்டர்ஸ்வில், மேத்யூஸ், மின்ட் ஹில், பைன்வில் என்று ஆறு சிறு நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நகர்மன்றம், தனி மேயர். ஆனால் மேத்யூஸில் விழுந்த மழை ஷார்லட்டுக்குள் வருகிறது, ஷார்லட்டில் விழுந்தது பைன்வில்லுக்குப் போகிறது. மேல் ஊரில் குழாயைப் பெரிதாக்கிவிட்டு “எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதில்லை” என்று சொல்லிக்கொண்டால், அந்தத் தண்ணீர் கீழ் ஊர்க்காரர் நடுக்கூடத்தில் நிற்கும்.

1993இல் மாநகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து ஷார்லட்-மெக்லென்பர்க் மழைநீர்ப் பணி என்று ஒன்றைத் தொடங்கின. வேலையை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வரைபடத்து எல்லைக்கோட்டை வைத்துப் பிரிக்கவில்லை, தண்ணீர் வரும் பரப்பை வைத்துப் பிரித்தார்கள். ஒரு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்திலிருந்து தண்ணீர் வந்து சேரும் ஓடை என்றால் அது பெரிய ஓடை, கவுன்ட்டியின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ள சிறு வாய்க்கால், தெருக் குழாய், சிறுபாலம் எல்லாம் அந்தந்த ஊரின் பொறுப்பு. எனவே கட்டணத்திலும் இரண்டு பங்கு இருக்கிறது. ஒரு பங்கு பெரிய ஓடைகளுக்காகக் கவுன்ட்டிக்கு, இன்னொரு பங்கு சிறு வடிகால்களுக்காக ஊருக்கு. தம்பி பில்லில் பார்த்த தொகை இவை இரண்டும் சேர்ந்தது.

சிறு ஊர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. ஓடைத் தண்ணீரைப் பரிசோதிக்க வேதியியல் தெரிந்தவர் வேண்டும், வெள்ள அளவைக் கணக்கிடப் பொறியாளர் வேண்டும், அந்த அனுமதிக்காக அரசுக்கு ஆண்டறிக்கை எழுத ஆள் வேண்டும். பைன்வில் போன்ற சின்ன ஊர் இவ்வளவு பேரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. கவுன்ட்டியும் ஆறு ஊர்களும் ஒரே அனுமதியின் கீழ் சேர்ந்துகொண்டதால் கவுன்ட்டியின் ஆட்களே எல்லோருக்கும் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

சட்டமும் இங்கே ஒரு கை கொடுக்கிறது. ஒரே பகுதியில் இரண்டு உள்ளாட்சிகள் தனித்தனி மழைநீர்த் திட்டம் நடத்தி, இரண்டும் கட்டணம் போடுவதை வட கரோலினா சட்டம் அனுமதிப்பதில்லை. வேலையை உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆனால் கூட்டுப் பகுதியில் கட்டணம் விதிப்பது ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. குடிமகன் ஒரே மழைக்கு இரண்டு வாசலில் போய்ப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

ஏன் தண்ணீர் பில்லிலேயே?

மழைநீருக்கென்று தனியாகப் பில் அனுப்பலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஐந்தாறு டாலர் வசூலிக்க ஒரு கடிதம் அச்சிட வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், பணத்தை வாங்கிக் கணக்கில் ஏற்ற வேண்டும், கட்டாதவருக்கு நினைவூட்ட வேண்டும், தொலைபேசியில் பதில் சொல்ல ஆள் வைக்க வேண்டும். வசூலில் கணிசமான பங்கு வசூலிக்கும் செலவுக்கே போய்விடும். தண்ணீர்த் துறை ஏற்கெனவே மாதாமாதம் அதே வீட்டுக்குப் பில் அனுப்புகிறது. அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்க்க ஆகும் செலவு மிகக் குறைவு.

இந்த இடத்தில் மெக்லென்பர்க்குக்கு ஒரு வசதி இருந்தது. மாநகரத்தின் குடிநீரும் கவுன்ட்டியின் குடிநீரும் 1972லேயே ஒரே துறையாகிவிட்டன. இன்றைக்கு ஷார்லட் வாட்டர் என்ற பெயரில் ஆறு சிறு நகரங்களுக்கும் அதுதான் தண்ணீர் தருகிறது. ஆகவே வாடிக்கையாளர் பட்டியல் ஒரே இடத்தில் கைக்குத் தயாராக இருந்தது. லூயிவில்லில் ஏற்பாடு வேறு. வடிகாலையும் கழிவுநீரையும் பார்ப்பது ஓர் அமைப்பு, குடிநீர் தருவது இன்னொரு நிறுவனம். வடிகால் அமைப்பின் கட்டணத்தையும் குடிநீர் நிறுவனமே தன் பில்லில் சேர்த்து வாங்கித் தருகிறது. தலைநகர் வாஷிங்டனில் தண்ணீர் ஆணையத்தின் பில்லைப் பார்த்தால் மழை சம்பந்தமாக இரண்டு கட்டணங்கள் இருக்கும். ஒன்று, மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாக ஓடும் பழைய குழாய்கள் மழையில் வழிந்து ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்கச் சுரங்கம் தோண்டும் ஆணையத்துக்கு. மற்றொன்று, நகர அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு. ஒரு தாள், இரண்டு பைகள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி தொடங்குவது பட்டியலைப் பொருத்தும்போதுதான்.

தண்ணீர்த் துறையின் பட்டியல் மீட்டரை வைத்து இருக்கும். பரப்பளவுப் பட்டியல் மனையை வைத்து, கவுன்ட்டியின் நிலப் பதிவிலிருந்து வரும். ஒரு மீட்டருக்கு ஒரு மனை என்று இருந்துவிட்டால் வேலை சுலபம். ஒரு கடைத்தொகுதியில் மனை ஒன்று, மீட்டர் பன்னிரண்டு. கார் நிறுத்தும் தளத்தின் கட்டணத்தைப் பன்னிரண்டு கடைக்காரர்களுக்கும் எப்படிப் பிரிப்பது? ஒரு பள்ளிக்கூடம் மூன்று மனைகளில் பரவிக்கிடக்கும், மீட்டர் ஒன்றுதான். ஊர்ப்புறத்தில் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் வீட்டுக்கு மீட்டரே இல்லை, ஆனால் கூரை இருக்கிறது. அவர்களுக்கு மழைநீர் மட்டும் போட்ட பில் தனியாக அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் வேறு ஊரில், குடித்தனக்காரர் பெயரில் தண்ணீர்க் கணக்கு என்றால் கட்டணம் குடித்தனக்காரர் தலையில் விழும். டிரைவ்வேயைப் போட்டது வீட்டுக்காரர், காசு கட்டுவது குடியிருப்பவர். பல ஊர்கள் இதை அப்படியே விட்டுவைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், நிலம் யாருடையதோ அவர் பெயருக்குத்தான் இந்தக் கட்டணம் போக வேண்டும். கூரையையும் தாரையும் குறைக்கிற அதிகாரம் அவரிடம்தானே இருக்கிறது?

வேறு மாநிலத்தில் ஒரு சிறு ஊரில் இருக்கும் என் நண்பருக்கு இந்தப் பொருத்தத்தில் ஒரு சங்கடம் வந்தது. பின்பக்கத்துப் பழைய சிமென்ட் கொட்டகையை இடித்துப் புல் போட்டு இரண்டு வருடம் ஆகியும், பழைய விமானப் படத்தை வைத்து உயர்ந்த படியிலேயே கட்டணம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் துறையைக் கேட்டால் “நாங்கள் பில் மட்டும்தான் அனுப்புகிறோம், பொறியியல் துறையைக் கேளுங்கள்” என்றார்கள். அங்கே போனால் “பில் விஷயம் தண்ணீர்த் துறை” என்றார்கள். கடைசியில் புல்வெளியின் போட்டோவோடு மனு கொடுத்த பிறகுதான் படி குறைந்தது. கூட்டு ஒப்பந்தம் எழுதும்போது முதலில் தீர்க்க வேண்டியது இதுதான் என்பேன்: மக்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு?

வந்த பணம் எப்படிப் பிரிகிறது

மக்கள் கட்டும் பணம் முதலில் ஒரே கணக்கில் விழும். பிறகு ஒப்பந்தப்படி, குறித்த தேதியில் அவரவர் பங்கு அவரவர் கணக்குக்குப் போகும். பில் போடும் துறை தன் செலவுக்கு ஒரு பில்லுக்கு இவ்வளவு என்றோ, மொத்தத்தில் ஒரு பங்கு என்றோ எடுத்துக்கொள்ளும். வராத பாக்கியை யார் தாங்குவது, தகவல்களை யார் புதுப்பிப்பது, ஓர் ஊர் விலகிக்கொள்ள நினைத்தால் எத்தனை மாதம் முன்னதாகச் சொல்வது என்று ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதியிருக்க வேண்டும். மழைநீர் நிதியைத் தனிக் கணக்கில் வைத்து, அதே வேலைக்கு மட்டும் செலவழிப்பதும் இந்த முறைக்கு உயிர்நாடி. பூங்காவில் விளக்குப் போட அதிலிருந்து எடுக்க முடியாது.

ஒருவர் பில்லில் பாதியை மட்டும் கட்டினால்? 90 டாலர் பில்லுக்கு 60 டாலர்தான் கட்டினார் என்று வையுங்கள். அந்த 60ஐ எதற்கு முதலில் வரவு வைப்பது? வட கரோலினா சட்டம் இதை ஊரே விதியாக எழுதி முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது. மழைநீரை யாருக்கும் அடைக்க முடியாது, குடிநீரை அடைக்கலாம். அதனால் சில ஊர்களில் மழைநீருக்கு முதலில் வரவு வைத்து, பாக்கியைக் குடிநீர்ப் பக்கம் தள்ளுவார்கள். வசூலுக்கு இது வலுவான பிடி. ஆனால் வருமானம் குறைந்த வீட்டில், மழைநீர்க் கட்டணத்துக்காகச் சமையல் தண்ணீர் நின்றுபோகும் நிலை வரக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குறைந்தது, எந்த வரிசையில் வரவு வைக்கிறார்கள் என்பதைப் பில்லிலேயே தெளிவாக அச்சடிக்க வேண்டும்.

எதிர்த்தவர்கள் சொன்னது

தமிழில் ‘வரி’ என்றால் எழுத்து வரியும் உண்டு, அரசு வாங்கும் வரியும் உண்டு. பில்லில் இருக்கும் இந்த வரி எந்த வரி என்பதில்தான் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கே நடந்தது. கட்டணம் என்றால், செய்த சேவைக்கு ஈடாக எல்லோரும் தர வேண்டும், தேவாலயமும் பல்கலைக்கழகமும் உள்பட. வரி என்றால் அவற்றுக்கு விலக்கு உண்டு, வரி விதிக்கச் சட்டத்தில் தனி அதிகாரமும் வேண்டும்.

வட கரோலினாவிலேயே டர்ஹம் நகரத்தின் மேல் ஒரு தேவாலயம் வழக்குப் போட்டது. 1999இல் மாநில உச்ச நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் நின்றது. குழாய், வாய்க்கால் போன்ற வடிகால் அமைப்புக்குத்தான் இந்தக் கட்டணத்தைப் பயன்படுத்த அப்போதைய சட்டம் இடம் தருகிறது, அதைத் தாண்டிய மழைநீர்த் திட்டச் செலவுகளுக்கு நகரம் வாங்கியது அதிகார மீறல் என்றது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தச் செலவுகளுக்கும் வழி செய்தது.

ஓஹையோவில் தகராறு கூட்டு ஏற்பாட்டின் மேலேயே வந்தது. கிளீவ்லாந்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும் வடகிழக்கு ஓஹையோ வட்டாரக் கழிவுநீர் அமைப்பு, 2010இல் மழைநீர்த் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊர் மழைநீருக்குக் கட்டணம் போட உங்களுக்கு என்ன அதிகாரம் என்று சில ஊர்கள் நீதிமன்றம் போயின. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வசூல் மீண்டும் தொடங்கியது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓர் ஊரிலிருந்து வரும் மழைநீர்க் கட்டணத்தில் 25 சதவீதம் அந்த ஊரின் சொந்த வடிகால் வேலைகளுக்கே ஒதுக்கப்படுகிறது. பெரிய அமைப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுமோ என்று பயப்படும் சிறு ஊருக்கு, இப்படி ஒரு பங்கு கண்ணெதிரே திரும்பி வந்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

மேரிலாந்தில் சண்டை அரசியலானது. 2012இல் மாநிலம் சட்டம் போட்டு, பெரிய கவுன்ட்டிகள் எல்லாம் மழைநீர்க் கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்றது. எதிர்த்தவர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 2015இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. வடிகால் வேலை மட்டும் நீங்கவில்லை, செலவை வேறு வழியில் தேட வேண்டியதாயிற்று.

மத்திய அரசும் முதலில் கைவிரித்தது. தலைநகரில் மட்டும் எத்தனை அரசுக் கட்டடங்கள், எத்தனை ஏக்கர் கூரை! இது வரி, நாங்கள் கட்ட மாட்டோம் என்று சில துறைகள் சொன்னதால், 2011 ஜனவரியில் அதற்கென்றே சட்டத் திருத்தம் வந்தது. நியாயமான மழைநீர்க் கட்டணத்தை மத்திய அரசுக் கட்டடங்களும் கட்ட வேண்டும் என்று ஆயிற்று.

காசு எங்கே போகிறது

ஷார்லட்டில் 1995லும் 1997லும் பெருவெள்ளம் வந்தது. ஓடைக் கரையிலேயே, வெள்ள வரைபடங்கள் சரியாக வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகள் மூழ்கின. 1999 முதல் கவுன்ட்டி அப்படிப்பட்ட வீடுகளை, விற்கச் சம்மதிப்பவர்களிடமிருந்து விலைக்கு வாங்கி, இடித்து, நிலத்தை ஓடைக்கே திருப்பிவிட்டு வருகிறது. இதுவரை நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள்.

இதில் மழைநீர்க் கட்டணம் செய்த உதவி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வெள்ளத்துக்குப் பிறகு வீடு வாங்க மத்திய அரசு பணம் தரும், ஆனால் அது கைக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தக் குடும்பம் நனைந்த சுவரைப் பெயர்த்து, தரையை மாற்றி, கடன் வாங்கி வீட்டைச் சரிசெய்துவிடும். அப்புறம் வந்து “வீட்டை விற்கிறீர்களா” என்று கேட்டால் யார் தருவார்கள்? மெக்லென்பர்க் கவுன்ட்டி, கட்டணப் பணம் கையில் இருப்பதால், வெள்ளம் வடிந்த உடனேயே போய்ப் பேசி வாங்கும் ஒரு திட்டத்தை வைத்திருக்கிறது. மாதம் ஐந்து பத்து டாலர் என்று எல்லா வீட்டிலிருந்தும் சேர்ந்த காசுதான் அந்த வேகத்தைக் கொடுக்கிறது.

நகரத்தின் நடுவே ஓடும் லிட்டில் ஷுகர் ஓடையைப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் மிட்டவுன் பகுதியில் அதன் மேல் சிமென்ட் போட்டு மூடி, மேலே கார் நிறுத்தினார்கள். கீழே ஓர் ஓடை இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த மூடியை எடுத்து, கரையைச் சரிசெய்து, செடி நட்டு, நடைபாதை போட்டிருக்கிறார்கள். மழை வலுத்தால் அந்த நடைபாதை முழுகும். முழுகட்டும், தண்ணீருக்குப் பரவ இடம் விட்டு அமைத்த பாதை அது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. நகரத்துப் பழைய குழாய்கள் பல இற்றுப்போயிருக்கின்றன. வீட்டுப் பின்கட்டில் குழாய் உடைந்து குழி விழுந்ததாகப் புகார் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தது உண்டு. கட்டணத்தை ஏற்றினால் மக்கள் கோபப்படுவார்கள், ஏற்றாவிட்டால் காத்திருப்பு நீளும். இந்த இழுபறி ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் நேரத்தில் நடக்கிறது. கட்டண விகிதத்தை ஏற்றுக்கொள்ளும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நம் ஆட்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தம்பிக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “அண்ணா, எங்க தெரு முனைக் கம்பி வலையில விழுற தண்ணி எந்த ஓடைக்குப் போகுது?” அவர் வீடு நகரத்தின் வடகிழக்கே, பல்கலைக்கழகத்துப் பக்கம். அங்கே மல்லார்ட் ஓடை. அது கிழக்கே ஓடி ராக்கி ஆற்றில் சேர்ந்து, அந்த ஆறு யாட்கின்-பீ டீ ஆற்றில் கலந்து தென் கரோலினா வழியாகக் கடலுக்குப் போகிறது. நகரத்தின் தென்பாதியில் விழும் மழை லிட்டில் ஷுகர் ஓடை போன்றவற்றின் வழியாகக் கட்டாபா ஆற்றுக்கு, முற்றிலும் வேறு பாதை. இரண்டுக்கும் நடுவே ஒரு மேட்டு நிலம். நகரத்துக்குள் காரில் போகும்போது அந்த மேட்டை ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாது.